கோர் கோப்பில் வெறும் கேள்விக்குறிகள்: என் அனுபவம்

லினக்ஸ் கணினியில் வட்டு நிரம்பியபோது, கோர்.2417 என்பது போன்ற பெயருடைய பெரிய கோப்புகள் ஒரே அடைவில் குவிந்திருந்தன. வைரஸ் என்று ஐயுற்று ஒரு நாளை வீணாக்கினேன். பிறகு கோப்பின் வகையைச் சொல்லும் ‘ஃபைல்’ கட்டளையைக் கொடுத்ததும், அது ஈஎல்எஃப் (லினக்ஸ் நிரல்களின் கோப்பு வடிவம்) கோர் கோப்பு என்றும் எந்த நிரலிலிருந்து வந்தது என்றும் ஒரே வரியில் தெரிந்தது. நிரல் முறிந்த கணத்தில் அதன் நினைவகத்தை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதி வைத்த நகல் அது. புள்ளிக்குப் பின்னுள்ளது முறிந்த ப்ராசஸின் (இயங்கிக்கொண்டிருந்த நிரலின்) எண்.

பிழைதேடும் கருவியான ஜிடிபியில் நிரலையும் கோர் கோப்பையும் சேர்த்துத் திறந்து, முறிந்த இடம்வரை எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ‘பிடி’ கட்டளையைத் தட்டினால், ஃபங்ஷன் பெயர்கள் வர வேண்டிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறிகளே வரிசையாக வந்தன. டீபக் தகவலுடன் (ஃபங்ஷன் பெயர்கள், வரி எண்கள் போன்றவை) நிரலை மறுபடி கம்பைல் செய்தும் பயனில்லை.

இரண்டு நாள் கழித்தே தேதிகள் கண்ணில் பட்டன: நிரல், கோர் கோப்பைவிடப் புதியது. முறிவுக்குப் பின் நாங்களே அதை மாற்றிக் கம்பைல் செய்திருந்ததால் கோர் கோப்பிலிருந்த நினைவக முகவரிகள் புதிய நிரலோடு பொருந்தவில்லை. பேக்கப்பிலிருந்து பழைய நிரலை எடுத்து, அதன் பில்ட் ஐடியும் (கம்பைல் செய்த நிரலை அடையாளம் காட்டும் குறி) கோர் கோப்பில் உள்ளதும் ஒன்றே என்று ‘ஈயு-அன்ஸ்ட்ரிப்’ கட்டளை கொண்டு உறுதிசெய்து திறந்தபோது பெயர்கள் முழுமையாக வந்தன. கோப்பைத் திறக்கும் ‘எஃப்ஓப்பன்’ தோற்றதைச் சோதிக்காமல், அது தந்த வெற்றுச் சுட்டியை (எதையும் குறிக்காத முகவரி) கோப்பிலிருந்து படிக்கும் ‘எஃப்கெட்ஸ்’ஸுக்கு அனுப்பிய வரியைக் கண்டதும் பெரும் நிம்மதியாக இருந்தது.