சின்னக் குழந்தையோடு தீம் பார்க்: கிளம்பும் முன் உயரத்தை அளங்கள்

டிக்கெட், வண்டி, மாற்றுத்துணி எல்லாம் உங்களுக்கே தெரியும். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தையை முதல் தடவை கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: உயரம்

நாங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். மகளுக்கு அப்போது நாலு வயது. 105 செ.மீ. இருக்கிறாள் என்று நம்பி, அந்த உயரம் கேட்கும் ரைடுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். வாசலில் அளவுக் கம்பத்தருகே நிறுத்தினார்கள். உச்சந்தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. குதிகாலை மெல்லத் தூக்கினாள். பணியாளர் குனிந்து, "பாதத்தைக் கீழே வைம்மா" என்றார். அவள் அழவில்லை, என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மாலை வரை எதிலும் அவளுக்கு மனசு ஒட்டவில்லை.

தப்பு எங்கள் அளவில். ஷூவோடு நிறுத்தி, கொண்டைக்கு மேல் நாடா பிடித்திருந்தோம்.

சரியாக அளப்பது இப்படி. காலணியும் கிளிப்பும் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும்; முகவாய் தூக்கினால் அளவு மாறிவிடும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, தலையில் படியும்வரை இறக்கி, அடியில் பென்சில் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடுவரை ஸ்டீல் டேப்பால் அளங்கள். தையல் நாடா வேண்டாம், நாளாக ஆக இழுபட்டுவிடும். சாயங்காலம் அளப்பதே நல்லது. முதுகெலும்பின் வட்டுகள் பகலில் அமுங்குவதால், காலையில் இருந்த உயரம் மாலைக்குள் ஏறத்தாழ 1 செ.மீ. குறையலாம்.

ஒரு செ.மீ.தானே என்று பணியாளரிடம் வாதாடாதீர்கள். தொடைமேல் பூட்டும் கம்பியும் தோள் பட்டையும் ஒரு குறிப்பிட்ட அளவுள்ள உடம்பைத்தான் பிடித்து நிறுத்தும்; அதைவிடச் சின்ன உடம்பு நழுவிவிடும். கெட்டி அடி வைத்த ஷூ போட்டு ஏற்றலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

படி 2: மூன்று பட்டியல்

பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயரம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, தனியாக ஏறலாம், பெரியவர் கூட இருந்தால் ஏறலாம், இப்போதைக்கு இல்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். வேறு ஊரில் ஏறி வந்தவர்கள் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம். 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற ஒரே பெயரில் ஓடும் ரைடுக்கு புளோரிடா டிஸ்னியில் 44 அங்குலம் வேண்டும், கலிபோர்னியாவில் 40 அங்குலம் போதும்.

மூன்றாவது பட்டியலைக் குழந்தையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாம் தடவை போகும் முன் நாங்கள் சுவர்க் கோட்டைக் காட்டி, "இன்னும் இவ்வளவு வளர்ந்ததும் அதில் ஏறலாம்" என்றோம். அந்த ரைடைக் கடந்தபோது அவளே தம்பிக்கு அதைச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

உங்களுக்கு ஏற ஆசையா? பெரிய பூங்காக்கள் பலவற்றில், ஒருவர் குழந்தையோடு நிற்க மற்றவர் ஏறி வரலாம். பிறகு மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளலாம். டிஸ்னியில் இதற்கு 'ரைடர் ஸ்விட்ச்' என்று பெயர். வரிசையில் சேரும் முன்பே வாசலில் கேளுங்கள்.

படி 3: அன்றைக்கு

கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். கூட்டம் சேரும் ரைடுகளை முதலில் முடித்துக்கொண்டு, குடை ராட்டினத்தைப் பிறகு பார்க்கலாம். தள்ளுவண்டி கட்டாயம், நடக்கத் தெரிந்த குழந்தைக்கும். மதியத் தூக்கம் அதில்தான்.

தண்ணீர் ரைடுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நனைந்த துணியோடு வரிசையில் நிற்கும் குழந்தை நடுங்கிப்போகும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். வெயிலில் இறங்கக் கால் மணி நேரம் முன்பு முதல் பூச்சு, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நனைந்தால் உடனே.

நுழைந்ததும் குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். காணாமல் போனால் அன்றைய உடுப்பைக் காட்ட அது உதவும். போன் நம்பரை மணிக்கட்டின் உட்புறம் பேனாவால் எழுதுங்கள். சட்டையில் பெயர் எழுத வேண்டாம். அந்நியர் பெயர் சொல்லிக் கூப்பிட வழியாகிவிடும். பணியாளரின் சீருடையைக் காட்டி, "அம்மாவைக் காணோம் என்றால் இந்த உடுப்புக்காரரிடம் போ" என்று சொல்லிவையுங்கள்.

பின்சேர்க்கை: தண்ணீர் ரைடில் டயப்பர் ஊதிப்போனதாக இருவர் எழுதியிருந்தார்கள். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சும்; நீச்சலுக்கென்று தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

இன்னொருவர், அண்ணனுக்கு உயரம் போதும், தங்கைக்குப் போதாது, என்ன செய்வது என்று கேட்டார். தங்கையை அந்த வாசலில் காத்திருக்க வைக்காதீர்கள். அதே நேரத்தில் அவளுக்குப் பிடித்த ஒன்றுக்கு இன்னொரு பெரியவர் கூட்டிப் போகட்டும். திரும்பச் சந்திக்கும் இடத்தைப் பிரியும் முன்பே பேசிவையுங்கள், அந்தச் சத்தத்தில் போன் மணி காதில் விழாது.