பையில் எத்தனை தட்டு?

சாண்டா குரூஸ் மலைப்பகுதியில் டெலவியாகா என்றொரு டிஸ்க் கோல்ஃப் திடல் இருக்கிறது. பந்துக்குப் பதில் தட்டை வீசி, குழிக்குப் பதில் கூடைக்குள் போடும் ஆட்டம் இது. அங்கே முதன்முறை ஆடப் போனபோது என் பையில் 18 தட்டுகள் இருந்தன. ஒன்று ஏறத்தாழ 175 கிராம் என்றால் மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டும். தண்ணீரும் துண்டும் தனி. மேடும் பள்ளமுமான அந்தக் காட்டில் பாதி ஆட்டம் முடிவதற்குள் வலது தோள் கனத்துவிட்டது. வீசவேண்டியதும் அதே தோள்தான். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன்: அன்று கையில் எடுத்தவை ஆறு. மற்ற பன்னிரண்டையும் வீணாகச் சுமந்திருக்கிறேன்.

கோல்ஃபில் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று விதியே உண்டு. டிஸ்க் கோல்ஃபில் அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆனால் உங்கள் முறை வந்து, வழியும் தெளிவாக இருந்தால், 30 விநாடிக்குள் வீசிவிட வேண்டும். பையில் ஒரே மாதிரி நான்கு தட்டுகள் இருந்தால் அந்த நேரத்தில் பாதி 'இதுவா, அதுவா' என்பதிலேயே போய்விடும். மனம் தடுமாறினால் கையும் தடுமாறும். எடையைவிட இதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று போதும்: கூடைக்குள் போட ஒரு பட்டர், நடுத்தரத் தொலைவுக்கு ஒரு மிட்ரேஞ்ச், சற்று நீண்ட வீச்சுக்கு ஒரு ஃபேர்வே டிரைவர். பல தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் சாயும் அளவு, முடிவில் இடப்பக்கம் விழும் அளவு என்பது வரிசை. வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய், வீசுகிறவருக்கான கணக்கு இது. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் பட்டருக்கு வேகம் 2, டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz) மிட்ரேஞ்சுக்கு 5, இன்னோவாவின் லெப்பர்ட் ஃபேர்வே டிரைவருக்கு 6. இந்த மூன்றோடு ஓர் ஆண்டு ஆடலாம்.

வேகம் 12 உள்ள டிஸ்ட்ராயர் என்ற டிரைவரைக் கடையில் கண்டதும் வாங்கிவிடாதீர்கள். அந்த எண் தட்டு கேட்கும் வேகம். நம் கைக்கு அது தந்துவிடும் வேகம் அல்ல. அவ்வளவு விசை நம் கையில் இல்லையென்றால், மேலே எழும்பாமல் சீக்கிரமே இடப்பக்கம் சரிந்து விழுந்துவிடும். அதே கையால் வீசிய லெப்பர்ட் அதைவிடத் தூரம் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிலையான திடலை அமைத்தபோது, ஆட்டக்காரர்கள் வீசியவை உருண்டை விளிம்புள்ள ஃபிரிஸ்பீக்கள்தான். காற்றைக் கிழிக்கும் சரிவான விளிம்பு 1983இல்தான் வந்தது. இன்று கடையை நிறைக்கும் இத்தனை வேக வகைகளும் அதற்குப் பின் பெருகியவை.

மூன்றுக்கு மேல் எத்தனை என்பதை உங்கள் வீச்சுகளே சொல்லும். நான் செய்தது இதுதான்: சிறு குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஐந்து ஆட்டங்களுக்கு எந்தத் தட்டை எதற்காக எடுத்தேன் என்று எழுதினேன். ஒருமுறைகூடக் கைக்கு வராதது வீட்டு அலமாரிக்குப் போனது. ஒரே வேலையை இரண்டு செய்தால், நம்பிக்கையோடு எடுத்ததை மட்டும் வைத்தேன். 'இந்தத் தட்டு செய்வதை வேறெதுவும் செய்யாது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அதற்குப் பையில் இடமில்லை.

அப்படி மிஞ்சியவை ஏழு. ஒரே அச்சில் இரண்டு ஏவியார். நேராகப் போக ஒரு பஸ் மிட்ரேஞ்ச். வலப்பக்கம் வளைய, தேய்ந்து பழகிய ஒரு லெப்பர்ட். நேர்வழிக்குப் புதிய லெப்பர்ட் ஒன்று. எதிர்க்காற்றுக்கும் இடப்பக்கத் திருப்பத்துக்கும் ஃபயர்பேர்ட் என்ற டிரைவர். திறந்த வெளிக்கு வேகம் 9 உள்ள ஒரு டிரைவர். பட்டரில் மட்டும் ஏன் இரண்டு என்றால், எல்லாக் கூடையிலும் தேவைப்படுவது அதுதான். அது பள்ளத்தில் உருண்டு தொலைந்தால் மீதி ஆட்டம் முழுவதும் பழக்கமில்லாத தட்டோடு தவிக்க வேண்டும். மற்றவற்றில் ஒன்று தொலைந்தால் சமாளித்துவிடலாம்.

திடலைப் பார்த்து இந்த எண்ணிக்கையை மாற்றுவேன். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் வழியெல்லாம் உயர்ந்த மரங்கள். அங்கே வேகமான டிரைவரை எடுக்காமல் ஆறோடு போவேன். டெலவியாகாவின் 27ஆவது கூடை, 'உலகின் உச்சி' என்று பெயர் பெற்றது, மலைமுகட்டிலிருந்து கீழ்நோக்கி வீசவேண்டியது. அங்கே தட்டு வெகுநேரம் மிதக்கும். காற்று கொஞ்சம் தள்ளினாலும் ஓரத்துப் புதருக்குள் போய்விடும். அந்தப் பகுதியில் தோலை அரிக்கவைக்கும் விஷ ஓக் செடி வளர்வதால் எல்லா இடத்திலும் நுழைந்து தேட முடியாது. ஆகவே அங்கே போகும் நாளில் இன்னொரு ஃபயர்பேர்டைச் சேர்த்து எட்டாக்குவேன்.

காற்று பலமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எதிர்க்காற்று தட்டை வழக்கத்தைவிட வலப்பக்கம் புரட்டும். அப்போது தேய்ந்த லெப்பர்டை வண்டியில் விட்டுவிடுங்கள்.

மழை நாளில் தட்டைக் கூட்டாமல் துண்டைக் கூட்டுங்கள். ஈரக்கையில் எந்தத் தட்டும் நிற்காது. கிளம்பும் முன் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் அழியாத மையால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிடுங்கள். ஏழே ஏழு இருக்கும்போது ஒவ்வொன்றும் திரும்பி வரவேண்டியது.