ஸ்லட்ஜ் படிகிறதா? அரை மணி நேர ஜாடிச் சோதனை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய வேலையில் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் ஷிஃப்டுக்கு வந்ததும் முதலில் கையில் எடுப்பது ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று சொல்லும் பி.ஓ.டி. சோதனையின் முடிவு வர 5 நாள் ஆகும். அதற்குள் கெட்ட தண்ணீர் ஆற்றோடு வெகுதூரம் போயிருக்கும். ஜாடிக்கு அரை மணி நேரம் போதும்.

காற்று ஊதும் தொட்டியான ஏரேஷன் டேங்கில் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்புத் திப்பியாகத் திரளும். இதுதான் ஸ்லட்ஜ். அடுத்த தொட்டியான கிளாரிஃபையரில் அந்தத் திப்பி அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் மேலே வழிந்து ஆற்றுக்குப் போக வேண்டும். படியாவிட்டால் திப்பியும் கூடவே போய்விடும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். ஆற்றில் ஸ்லட்ஜ் அழுகினால் அதைத்தான் உறிஞ்சும். 5-க்குக் கீழே போனால் பல மீன்களுக்கு மூச்சு முட்டும்.

சரி, செய்முறை. ஏரேஷன் டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேறும் முனையில், நுரையை விலக்கி, ஓர் அடி ஆழத்தில் மொண்டு எடுங்கள். உடனே ஜாடியில் 1000 கோடு வரை ஊற்றி, மெதுவாக ஒரு கலக்கு கலக்கிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். வெயில் படாத, அதிராத மேசை வேண்டும். நான் முதல் வாரம் ஜாடியை வைத்தது, டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோயர் இருக்கும் அறையின் ஜன்னலோரத்தில். வெயிலும் அதிர்வும் சேர்ந்து தினம் ஓர் அளவு காட்டின.

முதல் 5 நிமிடம் டீ குடிக்கப் போகாதீர்கள், விஷயமே அங்கேதான். நல்ல ஸ்லட்ஜ் பஞ்சு போலத் திரண்டு, நிதானமாக, மேலே உள்ள நீரை வடிகட்டிக்கொண்டே இறங்கும். கல் மாதிரி தொப்பென்று இறங்கி, மேலே தூசியாக மிதந்தால் அது வயதான ஸ்லட்ஜ்; ஸ்லட்ஜை வெளியே கழித்துவிடும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 30 நிமிடம் கழித்தும் பாதிக்கு மேல் நின்றால் கணக்குப் போடுங்கள்: படிந்த மில்லியை 1000-ஆல் பெருக்கி, எம்.எல்.எஸ்.எஸ். அளவால் (டேங்க் கலவையில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் திடப்பொருள் மிதக்கிறது என்பது) வகுக்க வேண்டும். 240 மில்லி, எம்.எல்.எஸ்.எஸ். 2400 என்றால் விடை 100, நிம்மதி. அதே 2400-க்கு 600 மில்லி நின்றால் 250. நூல் போல நீண்டு ஸ்லட்ஜைப் படியவிடாத இழை பாக்டீரியா பெருகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

எனக்கு அப்படி ஒருமுறை ஆனது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இரவில் ஒரு ப்ளோயரை நிறுத்திவைத்தேன். பத்தே நாளில் 250 மில்லி 700 ஆனது. டேங்கில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்க வேண்டும். எனக்கு அரைதான் இருந்தது. ப்ளோயரைத் திரும்ப ஓட்டியும் நிலைமை சரியாக மூன்று வாரம் பிடித்தது.

சந்தேகமாக இருந்தால் இன்னொரு ஜாடியில் பாதி கலவை, பாதி சுத்திகரித்த நீர் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று படிந்தால் ஸ்லட்ஜ் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். அப்போதும் உப்பிக்கொண்டே நின்றால் இழைதான்.

30 நிமிடம் ஆனதும் ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள். இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். படிந்தது கட்டியாக மேலே எழும்பினால், குச்சியால் தட்டுங்கள். குமிழ் விட்டு மறுபடி இறங்கினால் அது நைட்ரஜன் வாயு. கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் நெடுநேரம் தங்குகிறது என்று அர்த்தம். படிந்த ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்குக்குத் திரும்ப அனுப்பும் பம்பைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

(1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட, ஸ்லட்ஜை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இந்த முறையே பாட்டிலில் பிறந்ததுதான். படிந்ததைக் கொட்டாமல் வைத்து, மேலே புதுக் கழிவுநீர் ஊற்றி, திரும்பத் திரும்பக் காற்று ஊதிப் பார்த்தார்கள்.)

அப்புறம், ஜாடியை சோப்பு போட்டுத் தேய்த்தால் நன்றாக அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அடுத்த ஷிஃப்ட்காரருக்குத் தப்பான அளவு காட்டி, அவர் நடுராத்திரியில் உங்களுக்குப் போன் போடுவார்.