நாய்க்கு இன்சுலின் போடும் முறை: மருந்துக்கு முன் ஊசியைப் பாருங்கள்

எங்கள் ஜிம்மி ஒன்பது வயதில் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தான். இரவெல்லாம் வெளியே போகக் கதவைப் பிறாண்டினான். நன்றாகத் தின்றும் இளைத்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த கால்நடை மருத்துவர் நீரிழிவு என்றார். நாய்களுக்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் இல்லாமல் அடங்காத வகை. பாகற்காய்ச் சாற்றோடு வந்த அத்தையிடமும் அதையே சொன்னேன்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. காலை ஏழு, மாலை ஏழு. தினமும் ஒரே உணவு, ஒரே அளவு. சாப்பிட மறுத்தால் வழக்கமான அளவைப் போட்டுவிடாமல் மருத்துவரை அழையுங்கள்.

அடுத்தது நான் சறுக்கிய இடம். எங்களுக்குத் தந்தது கேனின்சுலின் என்ற விலங்குகளுக்கான இன்சுலின். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். கிளினிக்கில் கொடுத்த ஊசிகள் தீர்ந்ததும் டவுன் மருந்துக்கடையில் “இன்சுலின் ஊசி” என்று மட்டும் கேட்டு வாங்கினேன். அது மனிதருக்கானது, மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்குக் கோடு போட்டது. அதில் 8 யூனிட் என்று நினைத்து 8ஆம் கோடு வரை இழுத்தால் ஜிம்மிக்குப் போவது 3.2 யூனிட்தான். ஒரே வாரத்தில் மறுபடியும் வாளி காலியானது. 100 யூனிட் மருந்தை 40க்கான ஊசியில் இழுத்தாலோ இரண்டரை மடங்கு ஏறும், உயிரே போகலாம். மூடியின் நிறத்தை நம்பாமல், ஊசியில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் அந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம்.

கேனின்சுலினைப் பால்போல் சீராகும்வரை குலுக்கி, நுரை அடங்கியபின் இழுங்கள். வேறு இன்சுலினைக் குலுக்கக்கூடாமல் இருக்கலாம், மருந்துத்தாளைப் பாருங்கள். விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அடியில் குத்துங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ரோமம் நனைந்தால் மருந்து சிந்திவிட்டது என்று பொருள். எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாது. அதனால் மறுபடி போடாதீர்கள்.

தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பின்சேர்க்கை: தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும்போது மருந்தை எப்படிக் கொண்டுபோவது என்று கோல கெட்டில் தோழி கேட்டார். ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ஆனால் புட்டியைத் துண்டில் சுற்றி, ஐஸ் படாமல் வையுங்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. அவர் ஏற்கெனவே ஒரு புட்டியை ஐஸுக்குள் புதைத்துவிட்டாராம். புதிது வாங்கச் சொன்னேன்.