கொழுந்து எடை நின்றுபோன மாலை: லாக் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து வரத்து அதிகம். கோடை மழை நாலு நாள் பெய்து வெயில் எட்டிப் பார்த்தால் போதும், செடி தளதளவென்று துளிர்த்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் பிக்கப் வண்டிகள் சாக்கு சாக்காகப் பச்சைத் தேயிலையை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வரிசைகட்டும். அப்படி ஒரு மாலையில்தான் எனக்கு ஃபோன் வந்தது. "தம்பி, தராசுல எடை காட்டுது, சீட்டு மட்டும் வர மாட்டேங்குது. வாசல்ல பதினோரு வண்டி நிக்குது, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

எடை மேடையை ஒட்டிய அறையில் இருந்த கணினியின் டிஸ்க் நிரம்பிவிட்டது. 120 ஜிபி டிஸ்க்கில் ஒரே ஒரு லாக் கோப்பு, அதாவது நிரல் தான் செய்வதை வரி வரியாகக் குறித்து வைக்கும் கோப்பு, 90 ஜிபிக்கு மேல். சாக்கில் திணித்த கொழுந்து நேரமாக ஆகச் சூடேறும். உள்ளே கை விட்டாலே தெரியும். சூடேறிய இலை சிவந்துபோகும், தூளின் தரம் கெடும். யோசிக்க நேரமில்லை என்று நினைத்து அந்த லாக் கோப்பை அழித்தேன். டிஸ்க் அப்போதும் 100 சதவீதம் என்றே காட்டியது.

லாக் விஷயத்தில் பலரும் செய்கிற முதல் தவறு இது. அந்தக் கணினியில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு. நாம் அழிப்பது பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். நிரலும் அதில் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளை டிஸ்க்கில் 20 ஜிபிதான் இருக்கிறது என்று சொல்லும், மொத்த டிஸ்க்கில் மீதி இடத்தைப் பார்க்கும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லும். இரண்டும் இப்படி முரண்பட்டால் அழிக்கப்பட்டும் மூடப்படாத கோப்பு ஒன்று எங்கோ இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். எந்த நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டிவிடும். அந்த நிரலை நிறுத்தி மறுபடி இயக்கியதும் இடம் திரும்பி வரும். அன்று எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது, அத்தனை நேரமும் வண்டிகள் வாசலிலேயே நின்றன.

நிரலை நிறுத்த முடியாத நேரத்தில் கோப்பை அழிக்காமல் அதன் அளவை மட்டும் சுழியமாக்குவது நல்லது. ட்ரன்கேட் கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிரல் அந்தக் கோப்பை அப்பென்ட் முறையில், அதாவது எப்போதும் கடைசியில் சேர்க்கும் முறையில், திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடங்கும். கோப்பு மறுபடியும் 90 ஜிபி என்று காட்டும், முன்பகுதி முழுக்க வெறும் சுழியங்கள். உண்மையில் அவ்வளவு இடம் பிடிக்காது, ஆனால் திறந்து பார்ப்பவர் மிரண்டுபோவார்.

சரி, 90 ஜிபி எப்படிச் சேர்ந்தது? அந்தத் தராசு சீரியல் போர்ட் வழியாக வினாடிக்குப் பத்து முறை எடையை அனுப்பும். யாரோ ஒரு நாள் ஏதோ பிழையைத் தேட, ஒன்று விடாமல் எழுதும் டீபக் நிலையை இயக்கியிருக்கிறார்கள், திரும்ப அணைக்கவில்லை. ஒவ்வொரு எடைக்கும் ஒரு வரி, வரிக்கு 100 பைட். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 86 எம்பி, ஓர் ஆண்டுக்கு 31 ஜிபி. தராசு இரண்டு. ஒன்றரை ஆண்டு போதும். மேடை காலியாக இருந்த இரவுகளிலும் "0.0 கிலோ" என்று லட்சக்கணக்கில் வரிகள் எழுதப்பட்டிருந்தன. பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் எந்தச் சுழற்சி ஏற்பாட்டையும் விட, தேவையில்லாததை எழுதாமல் இருப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. தினசரி ஓட்டத்துக்கு, முக்கியமானதை மட்டும் எழுதும் இன்ஃபோ நிலை போதும். எடை மாறாதவரை எழுதாதே என்று நிரலில் ஒரு நிபந்தனை வைத்தபோது அந்த 86 எம்பி ஒரு எம்பிக்கும் கீழே இறங்கியது.

அப்புறம்தான் லாக்ரொடேட் பக்கம் வர வேண்டும். லினக்ஸில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் கருவி அது: ஓடிக்கொண்டிருக்கும் லாக் கோப்புக்குப் பெயர் மாற்றி ஓரமாக வைக்கும், புதியதைத் தொடங்கும், பழையதைச் சுருக்கும், மிகப் பழையதை அழிக்கும்.

இங்கே தவறு நடக்கும் இடம், பெயர் மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான். பெயர் மாறினாலும் நிரல் பழைய கோப்பிலேயேதான் எழுதும், காரணம் மேலே சொன்னதுதான். புதிய கோப்பைத் திற என்று நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். எஞ்சின்எக்ஸ் என்ற வலை சர்வருக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல், வேறு பல சேவைகளுக்கு ஹெச்யுபி. இதை லாக்ரொடேட்டின் போஸ்ட்ரொடேட் பகுதியில் எழுதி வைக்கலாம். சிக்னலைப் புரிந்துகொள்ளாத நிரல் என்றால் காப்பிட்ரன்கேட் என்ற வழி இருக்கிறது: கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும். வசதியானது, ஆனால் நகலெடுத்து முடிந்ததற்கும் காலி செய்வதற்கும் நடுவே வந்த வரிகள் போய்விடும். நகலுக்கும் இடம் வேண்டும் என்பதால் டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அது உதவாது. எடைச் சீட்டு சம்பந்தப்பட்ட லாக்கில் நான் காப்பிட்ரன்கேட் வைப்பதில்லை. ஒரு வரி தொலைந்தாலும் அது யாரோ ஒருவருடைய நாற்பது கிலோவாக இருக்கலாம்.

சுருக்குவதிலும் இதே சிக்கல் வரும். பெயர் மாற்றிய உடனே சுருக்கத் தொடங்கினால், இன்னும் பழைய கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் நிரலின் கடைசி வரிகள் காணாமல் போகலாம். டிலேகம்ப்ரஸ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் சுருக்குவது அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும்.

இன்னொன்று, அளவு வரம்பு. "100 எம்பி தாண்டினால் சுழற்று" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். லாக்ரொடேட் எந்நேரமும் கோப்பைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அதை யாராவது எழுப்பினால்தான் அளவைப் பார்க்கும், வழக்கமாக எழுப்புவது நாளுக்கு ஒரு முறை. நடுவில் கோப்பு 40 ஜிபி ஆனாலும் அதற்குத் தெரியாது. வேகமாக வளரும் லாக் என்றால் மணிக்கு ஒரு முறை எழுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது கோப்புப் பெயரில் தேதி மட்டும் சேர்க்கும் டேட்எக்ஸ்ட் அமைப்பு இருந்தால் மணியையும் சேருங்கள். இல்லாவிட்டால் அதே நாளின் இரண்டாவது சுழற்சி, அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது என்று நின்றுவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது மின்சாரம். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பழைய அமைப்புகளில், லாக்ரொடேட் உட்பட தினசரி வேலைகள் காலை 6.25 மணிக்கு நடக்கும். அலுவலகக் கணினியை ஒன்பது மணிக்குத்தான் போடுவார்கள். ஆக, அந்த 6.25 அந்தக் கணினியின் வாழ்நாளில் வரவே வராது. சுழற்சி ஒரு முறைகூட நடந்திருக்காது, பிழைச் செய்தியும் இருக்காது. அனக்ரான் என்ற கருவியை நிறுவியிருந்தால், தவறிப்போன வேலையைக் கணினி வந்ததும் செய்துவிடும். லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் வழியாக வேலையை நேரம் வைத்து ஓட்டினால் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பு அதே வேலையைச் செய்யும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலும், தவறிய பணியைக் கூடிய விரைவில் இயக்கு என்ற ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் போட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் அறுந்து கரண்ட் போவது இங்கே புதிதல்ல. யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து கணினி பட்டென்று அணைந்தால், கடைசியாக எதை எப்போது சுழற்றினேன் என்று லாக்ரொடேட் குறித்து வைக்கும் நிலைக் கோப்பு சிதைந்துபோக வாய்ப்புண்டு. பழைய பதிப்புகளில் அது சிதைந்தால் அன்றிலிருந்து எந்தக் கோப்பும் சுழலாது. நவம்பரில் ஒரு தடவை அப்படி நின்றதை ஜனவரியில்தான் கவனித்தேன். சிதைந்த நிலைக் கோப்பை அழித்துவிட்டால் புதிதாக ஒன்று உருவாகிச் சரியாகிவிடும். அதற்குப் பிறகு, நீண்ட மின்வெட்டுக்கு அடுத்த நாள் அந்த ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சின்னச் சின்னத் தவறுகள் சில. கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை மட்டும் போட்டால், சுழற்றி வைத்த பழைய கோப்புகளையும் மறுபடி சுழற்றும், பெயருக்குப் பின்னால்.1.1.1 என்று வால் நீளும். முடிவில் லாக் என்ற நீட்டிப்பு உள்ளவற்றை மட்டும் குறியுங்கள். பைத்தான் மொழியில் லாக்கைச் சுழற்றும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரில், எத்தனை பழைய கோப்பு வைப்பது என்று சொல்லும் பேக்கப் கவுன்ட் இயல்பாகவே சுழியம். அதை மாற்றாமல் அளவை மட்டும் கொடுத்தால் சுழற்சி நடக்கவே நடக்காது. விண்டோஸில் இரண்டு நிரல்கள் ஒரே லாக்கைத் திறந்திருந்தால் பெயர் மாற்றும்போது பிழை வரும், எனவே ஆளுக்கொரு கோப்பு கொடுங்கள். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளில் ஓட்டும் டாக்கரில், லாக் எழுதும் இயல்பான ஜேசன்ஃபைல் முறைக்கு அளவு வரம்பே கிடையாது. வரம்பு வைத்தாலும் ஏற்கெனவே ஓடும் கன்டெய்னருக்கு அது பொருந்தாது, புதிதாக உருவாக்க வேண்டும். ஃபைண்ட் கட்டளையில் அழி என்ற சொல்லை நிபந்தனைக்கு முன்னால் எழுதினால் வயது பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடும். இந்த வரிசை விஷயத்தில் அவசரப்படவே கூடாது.

பெயரில் லாக் என்று இருப்பதெல்லாம் லாக் அல்ல. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், தரவு மாற்றங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் பிஜி எக்ஸ்லாக் என்று ஒரு கோப்புறை இருந்தது. டிஸ்க் நிரம்பும்போது, லாக்தானே என்று அதை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் இருந்தார்கள். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரையே பிஜி வால் என்று மாற்றிவிட்டார்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் பைனரி லாக்கும் அப்படித்தான். கோப்பைக் கையால் அழிக்காமல், அதற்கென்று இருக்கும் பர்ஜ் கட்டளையைத் தரவுத்தளத்துக்குள்ளிருந்தே கொடுக்க வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, ஏழு நாள், பதினைந்து நாள் என்று வைத்துவிடுகிறார்கள். இங்கே பச்சைத் தேயிலைக்குப் பணம் தினமும் கைக்கு வருவதில்லை. மாத விலை முடிவாகி, கணக்கு முடித்துப் பட்டுவாடா நடக்கும்போது அடுத்த மாதம் ஆகிவிடும். மழைக்காலத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில் கழிப்பார்கள். "மூணாம் தேதி 62 கிலோ போட்டேன், பில்லுல 54தான் இருக்கு" என்று ஒரு விவசாயி வந்து கேட்பது அந்தப் பட்டுவாடா நாளில்தான். அன்று பார்த்து லாக் இல்லை என்றால், கழித்தது யார், எவ்வளவு, எந்த நேரத்தில் என்று யாராலும் காட்ட முடியாது. எடை, கழிவு, திருத்தம் மூன்றும் லாக்கில் மட்டும் இருக்கவே கூடாது; அவை தரவுத்தளத்தில் நிரந்தரப் பதிவாக இருக்க வேண்டும். லாக் அதற்குத் துணைச் சாட்சி. நான் வைத்திருப்பது குறைந்தது 180 நாள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும் நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாளுக்கு இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது. சுருக்கி வைத்தால் எழுத்து லாக்குகள் பெரும்பாலும் வெகுவாகச் சிறுத்துவிடும், அதனால் இடத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை.

நாளைக் கணக்கிடும்போது மணியையும் பாருங்கள். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. வரத்து அதிகமான நாளில் இரவு ஒரு மணிக்குப் போட்ட எடை முந்தைய நாள் கோப்பில் போய் உட்காரும், தேடுபவர் அது இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

நீண்ட நாள் வைத்திருப்பதால் இன்னொரு பொறுப்பும் வருகிறது. நான் பார்த்த பல லாக்குகளில் விவசாயியின் ஃபோன் எண், வங்கிக் கணக்கு எண், சில சமயம் ஓடிபிகூட அப்படியே இருக்கும். ஓடும் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, சுழற்றிய பழைய கோப்புகளை எல்லாரும் படிக்கும்படி விட்டிருப்பார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்த கணக்கு எண்ணை எழுத்தாக லாக்கில் போடுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. கடைசி நாலு இலக்கம் போதும். புதிய கோப்புக்கும் பழைய கோப்புக்கும் யார் படிக்கலாம் என்ற அனுமதியை லாக்ரொடேட் அமைப்பிலேயே எழுதிவிடுங்கள். அவை இருக்கும் கோப்புறையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இருந்தால், பாதுகாப்பில்லை என்று சொல்லி லாக்ரொடேட் அந்தக் கோப்புறையைத் தாண்டிப் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

இப்போது ஒவ்வொரு மார்ச் கடைசி வாரமும், வரத்து கூடுவதற்கு முன்னால், அந்த எடை அறையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். முதலில் லாக்ரொடேட்டை டீபக் முறையில் ஓட்டிப் பார்ப்பேன். அது எதையும் மாற்றாமல், என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லும். அப்புறம் ஃபோர்ஸ் கொடுத்து உண்மையாகவே ஒரு முறை சுழற்றுவேன். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் என் ஃபோனுக்குச் செய்தி வருகிறதா என்று பார்ப்பேன். கடைசியாக, எடை போடும் அண்ணனிடம் சொல்லி 20 கிலோ எடைக்கல்லை மேடையில் வைக்கச் சொல்வேன். புதிய கோப்பில் அந்த வரி விழுந்து, சீட்டும் கையில் வந்த பிறகுதான் அங்கிருந்து எழுந்திருப்பேன்.