வால்நட்டை வைத்து என்னவெல்லாம் சமைக்கலாம்: வறுப்பதில் தொடங்கி குழம்பு வரை

வால்நட் பாக்கெட் வீட்டுக்கு வந்தால் அதன் கதி பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். சத்துக்காக நாலு பருப்பை மென்று விழுங்குவோம், இல்லையென்றால் கேக்கின் மேல் அழகுக்கு ஒட்டுவோம். மிச்சம் டப்பாவின் அடியில் கிடந்து காறிப்போகும். உண்மையில் சாஸ், குழம்பு, தொக்கு, பூரணம் என்று உப்பும் காரமும் சேரும் இடங்களில்தான் வால்நட் பிரமாதமாக வேலை செய்யும். இனிப்பு அதற்கு அடுத்துதான், இது என் கட்சி.

சமைக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, இந்தப் பருப்பில் ஏறக்குறைய 65 சதவீதம் கொழுப்பு. அதனால் நைசாக அரைத்தால் கிரீம் ஊற்றியது போன்ற கெட்டித்தன்மை தானாகவே வந்துவிடும். இரண்டாவது, அதன் மெல்லிய பழுப்புத் தோலில் டானின் இருக்கிறது, நாக்கில் இழுக்கிற அந்தத் துவர்ப்பும் லேசான கசப்பும் அதிலிருந்துதான் வருகிறது. கொழுப்பையும் துவர்ப்பையும் ஒரே நேரத்தில் அடக்குவது புளிப்பு. எலுமிச்சை, மாதுளை, வினிகர், தக்காளி, ஏதோ ஒன்று. நீங்கள் செய்த வால்நட் சாஸ் "என்னவோ குறைகிறதே" என்று தோன்றினால் உப்பை எடுக்காதீர்கள், முதலில் புளிப்பைச் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் முகர்ந்து பாருங்கள்

வால்நட்டில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி பல்நிறைவுறாக் கொழுப்பு, அதிலும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா 3 வகை 100 கிராமுக்கு 9 கிராம் அளவில் இருக்கிறது. உடம்புக்கு நல்லதுதான், ஆனால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். (காற்றோடு சேர்ந்து இறுகும் இந்தக் குணத்தால்தான் அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் வால்நட் எண்ணெயில் வண்ணம் குழைத்தார்கள்.) நல்ல பருப்பில் மெல்லிய இனிப்பு வாசனை வரும், கெட்டதில் பழைய பெயின்ட் போல சிக்கு வாடை அடிக்கும். அப்படி இருந்தால் வறுத்தோ மசாலா போட்டோ காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆறு மாதம் வரை தாங்கும். ஃப்ரீசரில் ஒரு வருடம் வரை வைக்கலாம். உடைத்ததும் பொடித்ததும் முழுசை விடச் சீக்கிரம் கெடும், ஆகவே தேவைப்படும்போது மட்டும் உடையுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: ஒரு கப் அரைப்பருப்பு என்றால் கிட்டத்தட்ட 100 கிராம். கீழே வரும் எல்லாவற்றிலும் இந்தக் கப்தான்.

வறுப்பது

இது ஒன்று சரியாக வந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி.

1. ஓவன் இருந்தால் 175 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 8 முதல் 10 நிமிடம். அடுப்பு என்றால் அடி கனமான வாணலியில், எண்ணெய் இல்லாமல், மிதமான தீக்கும் குறைவாக வைத்து 6, 7 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள்.
2. நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பருப்பை உடைத்து உள்ளே பாருங்கள், வெள்ளை மாறி லேசான பிஸ்கட் நிறம் வந்திருந்தால் இறக்க வேண்டிய நேரம். வெளியே கறுத்த பிறகு இறக்கினால் கசப்புதான் மிஞ்சும்.
3. உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள், சூடான வாணலியிலேயே விட்டால் அது பாட்டுக்கு வறுபட்டுக்கொண்டே போகும். சூடாக இருக்கும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆறியதும் மொறுமொறுப்பு வந்துவிடும்.

தோலை எடுக்க வேண்டுமா? சாலட்டுக்கும் கேக்குக்கும் தேவையில்லை. வெளிர் நிறச் சாஸ் செய்வதாக இருந்தால் மட்டும் வறுத்த சூட்டோடு ஒரு சுத்தமான துணியில் கொட்டி நன்றாகத் தேய்த்து, சல்லடையில் சலித்துவிடுங்கள். எல்லாத் தோலும் போகாது, பாதி போனாலே வித்தியாசம் தெரியும். துவர்ப்பு சுத்தமாகவே பிடிக்காதவர்கள் வறுப்பதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, பழுப்பாக இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரம் துடைத்து 160 டிகிரியில் கொஞ்சம் கூடுதல் நேரம் வறுக்கலாம்.

முஹம்மரா: முதல் முயற்சிக்கு இதுதான்

சிரியாவின் அலெப்போ நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பண்டம் இது. சிவப்புக் குடைமிளகாயும் வால்நட்டும் சேர்ந்த தொக்கு என்று சொல்லலாம், ஆனால் அடுப்பில் வைத்துக் கிளற வேண்டியதில்லை.

தேவை: சிவப்புக் குடைமிளகாய் 3, வறுத்த வால்நட் 1 கப், பிரெட் தூள் கால் கப், பூண்டு 1 பல், மாதுளைப் பாகு 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன், மிளகாய்ச் செதில் 1 டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு.

1. குடைமிளகாயை நேரடித் தீயில் காட்டி, தோல் முழுக்கக் கறுகும் வரை சுடுங்கள். ஓவனில் அதிகச் சூட்டில் வைத்தும் செய்யலாம். கறுகினால் பயப்பட வேண்டாம், கறுக வேண்டும்.
2. சுட்டதைக் கிண்ணத்தில் போட்டு 15 நிமிடம் மூடி வையுங்கள். உள்ளே ஆவி அடைந்து தோல் கையோடு வந்துவிடும். விதையையும் எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள், சுட்ட மணம் எல்லாம் அதோடு போய்விடும்.
3. வால்நட், பிரெட் தூள், பூண்டு, சீரகம், மிளகாய் இவற்றை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை போல உடையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும்.
4. இப்போது குடைமிளகாய், மாதுளைப் பாகு, எலுமிச்சை, எண்ணெய், உப்பு சேர்த்து இரண்டு மூன்று சுற்று மட்டும். கொரகொரப்பாக இருக்கட்டும், நைசாக்கினால் சாப்பிடும்போது வால்நட் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அரை மணி நேரம் விட்டுச் சாப்பிட்டால் சுவை ஒன்றுகூடி இன்னும் நன்றாக இருக்கும். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம், சாண்ட்விச்சில் தடவலாம், சுட்ட காய்கறி மேல் போடலாம்.

மாதுளைப் பாகு கிடைக்கவில்லையா? இரண்டு கப் மாதுளைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு மூன்றையும் அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, அரை கப்புக்கும் குறைவாகச் சுண்டும் வரை விடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். இதைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்து வையுங்கள், அடுத்ததற்கும் தேவைப்படும்.

ஃபெசென்ஜான்: வால்நட்டே குழம்பாவது

ஈரானியர்களின் விருந்துக் குழம்பு. தக்காளி, கிரீம் எதுவும் கிடையாது, கெட்டியாவது முழுக்க முழுக்க வால்நட்டால்தான். நேரம் பிடிக்கும், ஆனால் கஷ்டமான வேலை எதுவும் இல்லை.

இரண்டு கப் வால்நட்டை லேசாக வறுத்து, ஆறியதும் முடிந்த அளவு நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு சிட்டிகைப் பட்டைத்தூள் சேர்த்து, பொடித்த வால்நட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி இரண்டரை கப் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் தீயை மிகவும் குறைத்து, மூடி, ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். பொடி அடியில் போய்ப் படியும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அடி வரை கரண்டியை விட்டுக் கிளற வேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது. முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். போகப்போக நிறம் ஆழ்ந்து, மேலே எண்ணெய் பிரிந்து மினுங்கும், அதுதான் அடையாளம். நடுவில் இரண்டு ஐஸ் கட்டி போட்டால் எண்ணெய் நன்றாகப் பிரியும் என்பது ஈரானியச் சமையல்காரர்கள் கையாளும் வழி.

எண்ணெய் பிரிந்ததும் கால் கப் மாதுளைப் பாகும் உப்பும் சேர்த்து, தனியாக வறுத்து வைத்த அரை கிலோ கோழித்துண்டுகளைப் போட்டு இன்னும் 40 நிமிடம். சைவம் என்றால் கத்தரிக்காய், பூசணி, காளான் மூன்றுமே பொருந்தும், அவை வேகும் நேரம் போதும். கடைசியில் சுவை பாருங்கள். புளிப்பும் இனிப்பும் சமமாக நிற்க வேண்டும், தேவைப்பட்டால் ஒரு டீஸ்பூன் சர்க்கரை. சாதத்தோடு பரிமாறுவதுதான் வழக்கம். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும், சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்பே வேண்டாத ஒரு விழுது

ஜார்ஜியா நாட்டுச் சமையலில் பாதி வால்நட்டில்தான் ஓடுகிறது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஒரு கப் வால்நட்டை (இதற்கு வறுக்க வேண்டாம்), இரண்டு பல் பூண்டு, அரை டீஸ்பூன் தனியாத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், கைப்பிடி கொத்தமல்லித்தழை, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், உப்பு எல்லாவற்றோடும் சேர்த்து அரைத்து, கரண்டியால் தடவும் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அங்கே நீல வெந்தயம் என்ற ஒரு வகையைச் சேர்ப்பார்கள், அது இல்லாதபோது காய்ந்த வெந்தயக்கீரை ஒரு சிட்டிகை. கத்தரிக்காயை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக வெட்டி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, ஆறியதும் விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது.

கொத்துக்கறிக்குப் பதிலாக

அசைவம் சாப்பிடாதவர்களுக்கு மட்டுமில்லை, வேறு மாதிரி ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கும் இது.

1. ஒரு கப் வால்நட்டை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். மெத்தென்றாகும், துவர்ப்பும் கொஞ்சம் இறங்கும்.
2. 250 கிராம் காளானையும் அதையும் தனித்தனியாக மிக்ஸியில் ஓரிரு சுற்று ஓட்டிக் கொத்தியது போல உடையுங்கள்.
3. எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, முதலில் காளானை மட்டும் போட்டு அதன் தண்ணீர் முழுக்க வற்றும் வரை பெரிய தீயில் வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசியில் கொழகொழவென்று வரும்.
4. வால்நட், சீரகத்தூள் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், தக்காளி விழுது 1 டேபிள்ஸ்பூன் சேர்த்து ஓரங்கள் சிவக்கும் வரை வதக்கி, எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள்.

ரொட்டியில் சுருட்டலாம், குடைமிளகாய்க்குள் அடைத்துச் சுடலாம், பாஸ்தாவுக்குச் சாஸாக்கலாம். சோயா சாஸில் ஏற்கெனவே உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள்.

இனிப்புப் பக்கம், சுருக்கமாக

ஒரு கப் வால்நட், கால் கப் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய். ஒட்டாத வாணலியில் மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் சர்க்கரை உருகி பருப்பைப் பூசிக்கொள்ளும். ஒரு சிட்டிகை உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, உடனே பேக்கிங் தாளில் கொட்டி இரண்டு முள்கரண்டியால் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். கையால் தொடவே கூடாது, உருகிய சர்க்கரை கொதிநீரை விட மோசமாகச் சுடும். சாலட்டிலும் தயிரிலும் போட அருமையாக இருக்கும்.

கேக் மாவுக்குள் போடுவதாக இருந்தால் முன்பே வறுத்துப் போடுங்கள், மாவுக்குள் அது வறுபடாது, ஆவியில் வேகும். மேலே தூவுவதை மட்டும் பச்சையாகவே போடலாம். வெட்டும்போது வால்நட்டைச் சுற்றி சாம்பலோ ஊதாவோ கலந்த நிறம் தெரிந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், தோலின் டானின் சமையல் சோடாவோடு வினைபுரிவதால் வரும் நிறம்தான் அது.

இன்னும் இரண்டு விஷயம். கடையில் கிடைக்கும் வால்நட் எண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தாதீர்கள், சூட்டில் அதன் மணம் போய்க் கசப்பு ஏறும், சாலட் மேல் ஊற்றத்தான் அது லாயக்கு. அப்புறம், வால்நட் ஒவ்வாமை சிலருக்கு மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும், அரைத்துக் கலந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. விருந்தாளிகளுக்கு வைப்பதற்கு முன் இதில் வால்நட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அரைத்த விழுது மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், அடுத்த முறை சூப்போ பாஸ்தாவோ தண்ணியாகிப்போனால் கொதிக்கும்போது ஒரு கட்டியைப் போட்டால் கெட்டியாகிவிடும்.