மாற்றியமைத்த பழைய ஜிப்ஸி, ஜீப் வாங்கும்போது செய்யும் தவறுகள்: பல் எண்ணிப் பார்த்த பிறகே முன்பணம்

"31 அங்குல டயர், 3 அங்குல லிஃப்ட், பின்னால் லாக்கர், கியர் செட் மாற்றியது, மலைக்கு ரெடி." பழைய மாருதி ஜிப்ஸியோ மஹிந்திரா ஜீப்போ விற்பவர் சொல்லும் பட்டியல் இப்படித்தான் இருக்கும். பட்டியல் நீள நீள விலையும் ஏறும். வாங்க வந்தவர் டயரைப் பார்ப்பார், பம்பரைத் தட்டுவார், தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பார், முன்பணத்தை நீட்டிவிடுவார். எஞ்சினிலிருந்து சக்கரம் வரை எந்தெந்தப் பல்சக்கரத்தை மாற்றினார்கள், அந்த மாற்றத்தின் சுமை அடுத்து எந்தப் பாகத்தின் தலையில் விழுந்தது என்று கேட்பவர் குறைவு. வாங்கிய பிறகு செலவு வைப்பது பெரும்பாலும் அந்த அடுத்த பாகம்தான்.

முன் ஆக்சில் ஒரு கணக்கு, பின் ஆக்சில் ஒரு கணக்கு

பழைய மஹிந்திரா ஜீப்களில் முதலில் பார்க்க வேண்டியது இது. இந்த வண்டிகளின் ஆக்சில்கள் 5.38, 4.88, 4.27 என்று வெவ்வேறு விகிதங்களில் சந்தையில் சுற்றுகின்றன. 5.38 என்றால் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 8. 4.88-க்கு 39-க்கு 8. 4.27-க்கு 47-க்கு 11. வெளியில் பார்த்தால் ஹவுசிங் எல்லாம் ஒரே ஜாடை. பின் ஆக்சில் போனதும் காயலான் கடையில் கிடைத்ததை எடுத்து மாட்டிவிடுவார்கள். ரியர் வீலில் மட்டும் ஓடும் வரை ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் ஆரம்பிக்கும் வினை. முன்னால் 4.88, பின்னால் 4.27 என்றால் இரண்டு ஆக்சிலும் 14 சதவீத வேக வித்தியாசத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் ஒரு ஆக்சில் தள்ளும், மற்றது பிடித்து இழுக்கும். கெட்டித் தரையிலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) முறுக்கேறி, லிவர் கையோடு வராது. கடைசியில் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் உடையும், அல்லது பல் சிதறும்.

விகிதத்தைக் கண்டுபிடிக்க ஆக்சிலைத் திறக்க வேண்டாம். ஒரு ஜாக்கி, ஒரு சாக்பீஸ் போதும்.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இருபக்கமும் அண்டக் கல் வையுங்கள். கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். டயரிலும், ஆக்சிலுக்கு வரும் நீள ஷாஃப்டிலும் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால், சக்கரம் 20 சுற்றினால் கிரவுன் 10 சுற்றுதான் சுற்றும். எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 43-ஐ எட்டாதது 4.27, 49-ஐ ஒட்டி வந்தால் 4.88, 54-ஐ ஒட்டி வந்தால் 5.38. அடுத்து பின்பக்கத்தை இறக்கி, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு முன்பக்கம் இதையே செய்யுங்கள். முன்னால் எண்ணும்போது ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கும், விடுவிக்கும் பூட்டு) இரண்டும் லாக்கில் இருக்க வேண்டும். லிவர் டூ வீலில்.

கல் கொடுப்பதில் சோம்பல் கூடாது. பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் இருக்கிறது. அது ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டால், அந்தச் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழல, தரையில் நிற்கும் சக்கரம் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி ஜாக்கியை விட்டு இறங்குவது இப்படித்தான். கியரில் நிறுத்தினாலும் கதை அதேதான்.

டயரை மட்டும் பெரிதாக்கிய வண்டி

1300 சிசி ஜிப்ஸி கிங்கின் கம்பெனி டயர் 205/70 ஆர் 15. அதன் விட்டம் சுமார் 668 மி.மீ. 235/75 ஆர் 15 போட்டால் 733 மி.மீ. ஆகும், கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். 31 அங்குல டயர் என்றால் 787 மி.மீ., 18 சதவீதம் கூடுதல்.

இந்த ஜிப்ஸியின் ஆக்சில் விகிதம் 3.909. 31 அங்குல டயர் ஏறியதும் அது 3.32 போல நடந்துகொள்ளும். எஞ்சினோ 103 நியூட்டன் மீட்டர் டார்க்கை 4500 சுற்றில் தருவது. கீழ்ச் சுற்றில் அதனிடம் இழுவை எதிர்பார்க்கக் கூடாது. முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.268, ஆக்சில் 3.909. மூன்றையும் பெருக்கினால் 32.4. எஞ்சின் 800 சுற்றில் முனகிக்கொண்டிருக்க, கம்பெனி டயரில் வண்டி மணிக்கு 3.1 கி.மீ. ஊரும். 31 அங்குலத்தில் அது 3.7 கி.மீ. ஆகிவிடும். பாறைமேல் இந்த அரை கிலோமீட்டர் சின்ன விஷயம் இல்லை. வேகத்தைக் குறைக்க கிளட்சை மிதிப்பீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் பிளேட் தேயும். இப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் வாடை அடித்தால் ஓட்டியவர் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

சரிக்கட்ட இரண்டு வழி உண்டு. ஆக்சில் விகிதத்தை 4.6 அளவுக்கு ஏற்றலாம். ஆனால் முன்னும் பின்னும் இரண்டு கிரவுன்-பினியன் செட் வேண்டும், இரண்டையும் கைதேர்ந்தவர் பொருத்த வேண்டும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லை மாற்றலாம். ஜிப்ஸியில் அது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனிப்பெட்டியாக நிற்பதால் வேலை சுலபம். அதோடு ஹை ரேஞ்சிலும் அதற்கு 1.409 என்ற குறைப்பு உண்டு. சுசூகியின் பழைய எஸ்ஜே 410 ஜீப்பின் பல்சக்கரங்களைப் போட்டால் ஹை 1.580, லோ 2.511 ஆகும்: ரோட்டில் 12 சதவீதம், காட்டில் 11 சதவீதம் இழுவை கூடும். 235 டயருக்கு இது கச்சிதம், 31-க்குப் பத்தாது. பாறை ஏறுவதற்கென்று லோவை 4.16 போல ஆக்கும் ராக் கியர் போட்ட வண்டிகளும் உண்டு. அவற்றில் அந்த 32.4 பெருக்கல் 59-ஐத் தாண்டும். அவ்வளவு முறுக்கு வரும்போது டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுன்ட்டும்தான் முதலில் கிழியும். கீழே படுத்து, பெட்டியைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். பெட்டி ஆடிக் குதித்தால் மவுன்ட் போய்விட்டது.

"ஆக்சில் கியர் மாத்தியாச்சு சார்" என்று சொன்னால் சோதிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையிலிருந்து வருகிறது. ஆகவே அது டயரையும் ஆக்சிலையும் மட்டும் பொறுத்துக் காட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. கைபேசியில் ஜிபிஎஸ் போட்டு முள் 60-இல் ஓட்டுங்கள். 31 அங்குல டயரில் ஜிபிஎஸ் 71 காட்டினால் ஆக்சிலை யாரும் தொடவில்லை. 60-ஐ ஒட்டி வந்தால் சொன்னது உண்மையாக இருக்கலாம். சக்கரம் சுற்றி எண்ணி உறுதி செய்யுங்கள். அந்த 71-க்கு இன்னொரு பொருளும் உண்டு: ஓடிய கிலோமீட்டரும் அந்த அளவுக்குக் குறைவாகவே பதிவாகியிருக்கும்.

பெரிய டயரின் சுமை கடைசியாகப் போய் விழுவது ஜிப்ஸியின் முன் ஆக்சில் முனையிலிருக்கும் குண்டு ஜாயின்ட்டில். மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்று தாளம் தப்பாமல் சத்தம் வந்தால், அதன் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள்.

லிஃப்ட்டைப் பார்த்து ஷாஃப்டை மறப்பது

லிஃப்ட் போட்டு வண்டியை உயர்த்தியதும் ஷாஃப்ட் நீள வேண்டும், சாய்வும் கூடும். பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை 4 அங்குலம் நீட்டினால் வண்டி 2 அங்குலம் உயரும், ஆனால் ஆக்சிலும் கொஞ்சம் திரும்பிவிடும். பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையில் நீள ஷாக்கிள் போட்டால் பினியன் மூக்கு மேல்நோக்கும். ஷாஃப்டின் இரு முனைக் கிராஸும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் மடிந்தால்தான் அதிர்வு ஒன்றையொன்று தின்னும். இல்லாவிட்டால் 50, 60 கி.மீ. வேகத்தில் தரைத்தகடு பாடும்.

"டயர் பேலன்ஸ் பண்ணா போயிடும்" என்பார்கள். அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். டயர் கோளாறு என்றால் இரண்டிலும் ஒரே நடுக்கம். மிதிக்கும்போது ஒரு விதம், விடும்போது ஒரு விதம் என்றால் ஷாஃப்டோ பினியன் கோணமோதான் காரணம். ஷாஃப்டை லேத்துப் பட்டறையில் வெட்டி நீட்டியிருந்தால் வெல்டிங்கை மட்டும் பார்க்காதீர்கள். இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் நுகமும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பின்னாலிருந்து நோக்குங்கள். சேஸிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஷாஃப்டை நீளவும் சுருங்கவும் விடும் ஸ்பிளைன் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்றும் பாருங்கள். ஓர் அங்குலம்கூட உள்ளே இல்லையென்றால், ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுக்கத் தொங்கும் நாளில் ஷாஃப்ட் கழன்று கையில் வரும்.

லாக்கர் என்ற பெயரில் வெல்டிங்

வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல்; இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது லாக்கர். பின் டிஃபரன்ஷியலின் உள்பற்களைச் சேர்த்து வெல்ட் அடித்துவிட்டு "லாக்கர்" என்று விற்பது உண்டு. சோதிப்பது எளிது. இரு பின் சக்கரத்தையும் தூக்கி, வண்டியை டூ வீலில் முதல் கியரில் நிறுத்துங்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அது திறந்த டிஃபரன்ஷியல். இரண்டும் அசையவே மறுத்தால் வெல்டிங், அல்லது எப்போதும் பூட்டியிருக்கும் ஸ்பூல். காற்றில் இயங்கும் லாக்கர் என்றால் சுவிட்ச் அணைத்த நிலையில் எதிர்த்திசையிலும், போட்டதும் அசையாமலும் இருக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்து எண்ணெய் கசிந்தால், உள்ளே ஓரிங் போய்விட்டது.

ஒரு விதிவிலக்கு. 2015-இல் புதுப்பித்து வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ ஜீப்பின் பின் ஆக்சிலில் இருப்பது தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் வகை. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும். கையால் மெதுவாகச் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே இருக்கும். அதை வைத்து "லாக்கர் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவது தவறு. மண்மேட்டில் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டு மிதித்தால் 'டங்' என்று பூட்டும் சத்தம் கேட்கும்; அது இயல்பு.

வெல்ட் அடித்த வண்டி ரோட்டில் வளைவில் டயரைத் தேய்த்துக்கொண்டே திரும்பும். அப்போது முறுக்குத் தாங்கும் ஆக்சில் ஷாஃப்ட் ஒரு நாள் ஒடியும். மலைப்பாதையில் தினசரி ஓட்டப்போகிறவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

தார் ரோட்டில் ஃபோர் வீல் சோதிப்பது

இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சிலுக்கு இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் நல்ல வண்டியும் இறுகும். நீங்கள் பழுது என்று நினைப்பீர்கள். சரளையிலோ மண்ணிலோ பாருங்கள். லோ முதல் கியரில் ஒரு இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு எஞ்சின் பிடியில் இறங்குங்கள். லிவர் தானாக வெளியே குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் தேய்மானம் இருக்கிறது. லிவரில் ரப்பர் பேண்டோ கயிறோ கட்டியிருந்தால் சோதனையே தேவையில்லை.

ஹப்களை மறக்க வேண்டாம். ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீ என்றால் விசை முழுவதும் ஃப்ரீ பக்கமாக ஓடிவிடும்; முன் ஆக்சில் இழுக்கவே இழுக்காது.

எண்ணெயைத் திறந்து பார்க்காதது

வடிகால் போல்ட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை; நகம் அளவு சில்லு இருந்தால் பல் போயிருக்கிறது. கியர் பாக்ஸ் எண்ணெயில் பொன்துகள் மின்னினால், கியர் மாற்றத்தை மிருதுவாக்கும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை தேய்கிறது. பால் கலந்தது போல இருந்தால் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்த ஆக்சில். ஆக்சிலின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயை மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல் 5 தர எண்ணெய், பித்தளை சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஜிஎல் 4. எல்லாவற்றுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றியிருந்தால் வேலை பார்த்தவரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். பழைய ஜீப்களில் கியர் பாக்ஸ் எண்ணெய் நடு சீல் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போகும். ஒன்றில் குறைந்து மற்றதில் வழிந்தால், கசிவு எங்கே என்று வெளியில் தேடாதீர்கள்.

மாற்றிய கிரவுன்-பினியன் மிதிக்கும்போது மட்டுமோ காலை எடுக்கும்போது மட்டுமோ ஊளையிட்டால், பல் படியும் இடம் சரியில்லை. இரண்டும் ஜோடியாகவே தேய்த்துச் செய்யப்படுபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்க வேண்டும். வேறு வேறு ஜோடியைச் சேர்த்தால் இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் தகடு எத்தனை போட்டாலும் சத்தம் போகாது.

ஆர்சி புத்தகத்தைக் கடைசியில் பார்ப்பது

டூ வீல் ஜீப்பாகப் பதிவாகி, பின்னால் ஃபோர் வீலாக மாற்றியவை நிறைய. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் கையால் அடித்த வெல்டிங் இருக்கும். எஞ்சின் மாற்றியவையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, வண்டி கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறியிருக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எஃப்சி-க்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தப்போவது நீங்கள்தான். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிட்ட பிறகு மற்ற பேச்சு.

பேரம் படிந்தால், கழற்றிப் போட்ட கம்பெனி டயர், வீல், பட்டை ஸ்பிரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி டிக்கியில் ஏற்றுங்கள். ஜிப்ஸியின் பொது விற்பனை 2019-இல் நின்றுவிட்டது; அந்தப் பல்சக்கரங்கள் பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.